தொடக்கநிலைக் குறிப்பாளரும் இரட்டைச் சதுர அடைப்புக்குறியும்: ஒரு பன்முக ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு குறிப்பை இன்னொரு குறிப்போடு கோத்துவைக்க உதவும் செயலிகள் இன்று பல. அவற்றுள் எதைத் தொடக்கநிலையாளர் எடுத்துக்கொள்வது என்பது அறிவுலகம் இதுவரை உரிய மதிப்புக் கொடுக்காத சிக்கல். அணு, அண்டம், ஆன்மா முதலான எளிய பொருள்களைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதித் தள்ளியவர்கள் இதன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது. வரலாறு, இலக்கணம், கணக்குப்பதிவியல், அரசு அலுவலக நடைமுறை, மொய் எழுதுதல் ஆகிய துறைகள் இதற்குத் துணைக்கு அழைக்கப்பட்டுள்ளன. முடிவை இங்கேயே சொல்லிவிட்டால் எஞ்சிய பக்கங்களை யாரும் புரட்டமாட்டார்கள் என்பதால், ஆய்வு நெறிக்கு மாறாக, அது பின்னால் வைக்கப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: இணைப்பு, பின்னிணைப்பு, சந்தா, சோம்பல், மொய்.

1. ஆய்வுச் சிக்கல்

ஒருவர் ஒரு நூலைப் படிக்கிறார். பாதியில் ஒரு கருத்து பிடித்துப்போகிறது. எழுதிவைக்கலாமே என்று தோன்றுகிறது. பென்சில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அவர் கைப்பேசியை எடுத்து, 'குறிப்பு எழுத நல்ல செயலி எது' என்று தேடுகிறார். யூடியூபில் ஒரு காணொளி கிடைக்கிறது. அதில் தூக்கக் கலக்கம் என்றால் என்னவென்றே அறியாத ஓர் இளைஞர் தம்முடைய 'இரண்டாம் மூளை'யைத் திரையில் சுழற்றிக் காட்டுகிறார். கறுப்புப் பின்னணியில் எண்ணற்ற புள்ளிகள், புள்ளிகளுக்கிடையே கோடுகள். முதல் மூளையே முழுப் பயன்பாட்டுக்கு வராத நிலையில் இரண்டாவது எதற்கு என்ற வினா பார்ப்பவர் மனத்தில் எழ வேண்டும். எழுவதற்குள் அடுத்த காணொளி தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது.

நள்ளிரவு நிலவரம் வருமாறு: நான்கு செயலிகள் இறக்கப்பட்டுள்ளன. ஒன்றுக்கு ஓடிபி வந்து காலாவதியும் ஆகிவிட்டது. இன்னொன்றில் எழுத்துரு மாற்றும் பணி நடந்துகொண்டிருக்கிறது. நூல் கட்டிலில் குப்புறக் கிடக்கிறது. பிடித்துப்போன கருத்து எது என்பது இப்போது யாருக்கும் நினைவில் இல்லை.

இந்நிலையை இக்கட்டுரை 'தெரிவு நிலை' எனக் குறிக்கிறது. சிலருக்கு இது ஓர் இரவில் தீர்ந்துவிடும். சிலர் ஓய்வுபெறும் வரை அதிலேயே பணியாற்றுகிறார்கள்.

2. கருதுகோள்கள்

கருதுகோள் ஒன்று: தொடக்கநிலையாளர் எழுதும் முதல் குறிப்பு, குறிப்புச் செயலிகளைப் பற்றியதாகவே அமையும்.

கருதுகோள் இரண்டு: செயலியை அழகுபடுத்தும் நேரமும் அதில் எழுதும் நேரமும் ஒன்றையொன்று தின்று வாழும்.

கருதுகோள் மூன்று: இணைப்பு என்பது திரும்பி வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் உள்ளவர் போட்டுவைக்கும் வழி. அந்தக் கட்டாயம் இல்லாதவர் எத்தனை கோடு இழுத்தாலும் அது மார்கழிக் கோலம். அழகு உண்டு, போக்குவரத்து இல்லை.

முதல் இரண்டும் கண்கூடு; அவற்றை நிறுவ மின்சாரம் செலவிட வேண்டியதில்லை. மூன்றாவதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

3. முன்னோடிகள்

இத்துறையின் வேர் ஆழமானது. சுவிட்சர்லாந்தின் கோன்ராட் கெஸ்னர் 1548இல் வெளியிட்ட நூலில், எழுதிய தாளைக் கத்தரித்துத் துண்டு துண்டாக்கி, வேண்டியபடி மாற்றி அடுக்கிக்கொள்ளும் முறையை விளக்கினார். அதற்கும் முன்பே, 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில், லூக்கா பாச்சோலி இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை எழுதிவைத்தார். குறிப்பேட்டில் எழுதிய ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, அது பேரேட்டில் எந்தப் பக்கத்துக்குப் போயிற்று என்று குறிக்கச் சொன்னார்.

மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். குறிப்பேட்டில் 'பே.ப.' என்று ஒரு குறுகிய கட்டம் உண்டு, பேரேட்டில் 'கு.ப.' என்று ஒரு குறுகிய கட்டம் உண்டு. தேர்வில் எல்லோரும் காலியாக விட்டுவந்த கட்டங்கள் அவை. குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து குறிப்பேட்டுக்கும் போய்வர வழி. இன்றைய செயலிகள் 'இருவழி இணைப்பு' என்று மேளம் கொட்டி விற்பது அந்தக் காலிக் கட்டங்களைத்தான்.

1945 ஜூலையில் அமெரிக்கப் பொறியாளர் வன்னெவர் புஷ், 'தி அட்லாண்டிக்' இதழில் 'மெமெக்ஸ்' என்னும் கற்பனை மேசையை விவரித்தார். நூல்களும் கடிதங்களும் மைக்ரோஃபிலிமாக மேசைக்குள் இருக்கும்; ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தடம் போட்டுவைத்துக்கொள்ளலாம். மேசை செய்யப்படவே இல்லை. அதன்பின் டெட் நெல்சன் 1960இல் 'சனாடு' திட்டத்தைத் தொடங்கினார். 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை 1965இல் உலகுக்குத் தந்தவரும் அவரே. சனாடுவின் ஒரு வடிவம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 2014இல். தெரிவு நிலையில் தாமதமாகிறதே என்று வருந்துவோருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை.

1995 மார்ச் 25 அன்று வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கித் தளத்தைத் திறந்தார். அவர் செய்த புரட்சி சிறியது: இல்லாத பக்கத்துக்கும் இணைப்புக் கொடுக்கலாம், அதைச் சொடுக்கினால் அப்போது பக்கம் பிறக்கும். எழுதாமலேயே எழுதியதைப் போன்ற மனநிறைவை மனித குலம் அன்றுதான் அடைந்தது. பின்னர் விக்கிப்பீடியாவால் ஊரறிந்த [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குறி, குறிப்புச் செயலிகளின் நெற்றிக்குறியாகவே ஆகிவிட்டது.

தமிழ்ப் பரப்பில் முன்னோடிகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1910இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி', ஒரு தலைப்பைத் தேடி வந்தவரை இன்னொரு தலைப்புக்கு அனுப்பிவைக்கும் வேலையைச் செய்தது. உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் பாட்டின் கீழே 'ஒப்புமைப் பகுதி' என்று ஒன்று வரும். இந்தத் தொடர், இந்தக் கருத்து வேறு எந்த நூலில் எங்கே வருகிறது என்று அங்கே இருக்கும். இன்றைய செயலியில் பக்கத்தின் அடியில் 'பின்னிணைப்புகள்' என்று தானாக விழும் பட்டியலின் இடமும் அதுவே. ஐயருக்கு அது தானாக விழவில்லை என்பதுதான் வேறுபாடு. படித்ததை நினைவில் வைத்திருந்த ஒருவர், தேடி, சரிபார்த்து, எழுதியது அது.

4. லூமன் சிக்கல்

இத்துறையில் நுழையும் எவரும் மூன்றாவது காணொளிக்குள் நிக்லாஸ் லூமனைச் சந்தித்தே தீர வேண்டும். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் (1927–1998). மரப்பெட்டிகளில் சுமார் 90,000 குறிப்புச் சீட்டுகள் வைத்திருந்தார். சீட்டு 1-க்கு அடுத்தது 2. இடையில் ஒரு கருத்து முளைத்தால் 1அ. அதில் கிளை வந்தால் 1அ1. பல சீட்டுகளில் வேறு சீட்டுகளின் எண்களைக் கையால் எழுதிவைத்தார். எழுதிக் குவித்த நூல்கள் டஜன் கணக்கில், கட்டுரைகள் நூற்றுக்கணக்கில்.

இவரைப் பற்றிப் பேசும் காணொளிகள் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றன. லூமன் சட்டம் படித்தவர். பேராசிரியர் ஆவதற்கு முன் பல ஆண்டுகள் அரசு நிர்வாகத்தில் அலுவலராக இருந்தவர். நம்மூர் தாலுகா அலுவலகம் ஒன்றில் ஒருநாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. அங்கே எந்தக் கடிதமும் தனியாகப் பிறப்பதில்லை. மேலே 'ந.க.எண்.', அடுத்து 'பொருள்', அதற்கடுத்து 'பார்வை'. பார்வையின் கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என இதற்கு முன் வந்த கடிதங்களும் மனுக்களும் நாள் வாரியாக வரிசைகட்டி நிற்கும். மூன்றாம் பார்வையில் கண்ட கடிதத்தை எடுத்தால் அதிலும் 'பார்வை' இருக்கும். அப்படியே படிப்படியாக இறங்கினால் பட்டா மாறுதல் கேட்டு ஒரு தாத்தா கொடுத்த முதல் மனு வரை போய்ச் சேரலாம். எழுத்தரின் மேசையில் 'தன்பதிவேடு' என்று ஒரு பேரேடு. எந்தத் தாள் எப்போது வந்தது, எங்கே போனது என்று அதில் இருக்கும். மெமெக்ஸ் மேசையை அமெரிக்கா செய்யவில்லை. நாம் செய்து, மேலே ஒரு மின்விசிறியையும் மாட்டிவிட்டோம்.

லூமன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஆய்வுத் திட்டத்தை எழுதித் தரச் சொன்னார்கள். பொருள்: சமூகம் பற்றிய கோட்பாடு. காலம்: 30 ஆண்டுகள். செலவு: எதுவுமில்லை. இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். செயலிச் சந்தா என்ற வரி அதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. இன்னும் கவனிக்கத்தக்கது, அவருடைய சீட்டு ஒன்றில் இருக்கும் முணுமுணுப்பு: பெட்டியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், ஏமாற்றத்தோடு திரும்பிப் போகிறார்கள் என்பது அதன் சாரம். இரண்டாம் மூளைக் காணொளிகளின் பார்வையாளரை அவர் முன்கூட்டியே கண்டுவிட்டார் என்று கொள்ள இடமுண்டு.

லூமன் பின்பற்றாளர் இதிலிருந்து பெறும் பாடம் 'பெட்டி வாங்கு' என்பது. பெற வேண்டிய பாடம் வேறு. 30 ஆண்டு காலத்தில் முடிக்க வேண்டிய ஒரு வேலை அவர் தலைமேல் இருந்தது. சீட்டுகள் அந்த வேலைக்கு வந்துபோயின.

5. செயலிகளின் வகைப்பாடு

ஆய்வு வசதி கருதிச் செயலிகள் ஐந்து இனமாகப் பகுக்கப்படுகின்றன. ஒரு செயலி இரண்டு இனத்தில் வந்தால் அது செயலியின் குற்றம்; பகுப்பின் குற்றமன்று.

கோப்பினம்: அப்சிடியன் இதன் தலைமகன். ஷிடா லி, எரிகா ஷூ இருவரும் 2020இல், ஊரடங்குக் காலத்தில் வெளியிட்டது. எழுதுவதெல்லாம் நம் கணினியில் ஒரு கோப்புறைக்குள் மார்க்டவுன் கோப்புகளாக விழும். மார்க்டவுன் என்பது 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட எளிய எழுத்துமுறை. நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்குக் காசில்லை. கணினிக்கும் கைப்பேசிக்கும் இடையே அவர்கள் வழியாக ஒத்திசைப்பது போன்ற கூடுதல் சேவைகளுக்கு மட்டும் சந்தா.

புள்ளியினம்: ஒவ்வொரு வரியும் ஒரு புள்ளியோடு தொடங்கும், புள்ளிக்குள் புள்ளி. ஒரு வரியைத் தனியாகப் பெயர்த்து இன்னொரு பக்கத்தில் காட்டலாம். 2020இல் ரோம் ரிசர்ச் இதைப் பேரலையாக்கியது. மாதம் 15 டாலர். ஐந்தாண்டுக்கு மொத்தமாக 500 டாலர் கட்டுபவருக்கு 'நம்பிக்கையாளர்' என்று திட்டத்துக்கே பெயர் வைத்திருந்தார்கள். சமயவியல் துறையினர் இதைத் தனியே ஆராயலாம். இதே இனத்தில் திறமூலமாக வந்தது லாக்சீக்.

மேகவினம்: நோஷன், எவர்நோட் முதலியன. எழுதியவை நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். நோஷனில் பின்னிணைப்பு வசதி 2020இல் வந்தது. நாலுபேர் சேர்ந்து ஒரே பக்கத்தில் எழுதும் அலுவலகத்துக்கு ஏற்ற இனம். மேகத்தின் இயல்பு மாறிக்கொண்டே இருப்பது: எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள் என்று வரம்பு கட்டியது.

ஒற்றைக்கோப்பினம்: டிட்லிவிக்கி. 2004இல் ஜெரெமி ரஸ்டன் உருவாக்கியது. செயலி, குறிப்புகள், இணைப்புகள் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். சேமிக்கும் முறையைப் புரிந்துகொள்ளவே ஒரு வார இறுதி வேண்டும் என்பதால் இதைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் குறைந்தும் பற்றில் மிகுந்தும் காணப்படுகிறார்கள்.

உடன்பிறப்பினம்: கைப்பேசி வாங்கும்போதே உள்ளே இருப்பது. தொடக்கநிலையாளர் இதைச் செயலியாகவே மதிப்பதில்லை. ஆப்பிள் நோட்ஸில் 2023 முதல் ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு இணைப்புக் கொடுக்கலாம். அந்தக் கைப்பேசியிலேயே அந்த வசதி இருப்பது தெரியாமல் வேறு செயலி தேடுவோரை இக்கட்டுரையாளர் நிறையவே கண்டிருக்கிறார்.

6. வெளியேறும் சோதனை

மேற்கண்ட இனங்களை ஒப்பிட இவ்வாய்வு வகுத்த அளவுகோல் ஒன்றே. சோதனை முறை எளிது. மூன்று குறிப்புகள் எழுதுக: 'வீட்டு வாடகை', 'வீட்டுக்காரர்', 'தண்ணீர் மோட்டார்'. மூன்றையும் ஒன்றோடொன்று இணைக்க. பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு, செயலியை நீக்கிவிட்டுக் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க.

கோப்பினத்தில் மிஞ்சுவது மூன்று கோப்புகள். 'தண்ணீர் மோட்டார்' கோப்பை நோட்பேடில் திறந்தால், 'காயில் எரிந்துவிட்டது, பாதிச் செலவு தருவதாகச் சொன்னார், காண்க: [[வீட்டுக்காரர்]]' என்று அப்படியே இருக்கும். இணைப்பு இப்போது சொடுக்கினால் வேலை செய்யாது. ஆனால் மனிதர் படித்தால் புரியும். அடுத்து எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பதும் தெரியும். நோஷனிலிருந்து ஏற்றுமதி செய்தால் ஒரு ஜிப் கோப்பு வரும். அதை விரித்தால் 'வீட்டு வாடகை' என்ற பெயருக்குப் பின்னால் 32 எழுத்தும் எண்ணும் கலந்த வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளடக்கம் பத்திரம், பெயர் மட்டும் ரயில் பெட்டி அளவுக்கு நீண்டுவிடும். வேறு சில செயலிகளில் பிடிஎஃப் மட்டுமே கிடைக்கும். அது குறிப்பின் நிழற்படம். குறிப்பு உள்ளேயே தங்கிவிட்டது.

வாடகை வீட்டுக்குப் போகும்போதே காலி செய்வது எப்படி என்று கேட்டுவைப்பவரை வீட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. ஆய்வு நெறி அவ்விருப்பத்தைப் பொருட்படுத்தாது.

7. வேற்றுமைச் சிக்கல்

இச்செயலிகளை ஆக்கியோர் எவரும் வேற்றுமை உருபுகளை மனத்தில் வைத்து ஆக்கவில்லை. ஆங்கிலத்தில் ஊரின் பெயர் எங்கே வந்தாலும் அதே வடிவில் நிற்கும்; முன்னால் ஒரு சிறுசொல் மாறும். ஆகவே ஒரு பெயரைத் தட்டினால், இணைக்கப்படாமல் கிடக்கும் இடங்களையும் செயலி தேடிப் பிடித்துக் காட்டும். தமிழ்க் குறிப்பாளர் 'மரம்' என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, வேறு பக்கங்களில் மரத்தில், மரத்துக்கு, மரத்தை என்று எழுதுகிறார். 'அத்து'ச் சாரியை வந்து இறுதி மகரத்தைக் கொண்டுபோய்விட்டது. செயலி 'மரம்' என்பதைத் தேடுகிறது. தோட்டம் முழுக்க மரங்கள் நிற்க, ஒன்றுமில்லை என்று கைவிரிக்கிறது. வீடு வீட்டில் ஆகிறது. ஆறு ஆற்றில் ஆகிறது. எண்ணிப் பார்த்தால் முதல் வேற்றுமையைத் தவிர மற்றவை யாவும் இச்செயலிகளுக்கு எதிராகவே அணிதிரண்டுள்ளன.

இதற்கு வழி உண்டு. அப்சிடியனில் [[மரம்|மரத்தில்]] என எழுதினால், இணைப்பு மரத்துக்குப் போகும். திரையில் 'மரத்தில்' என்று தெரியும். இலக்கணம் காப்பாற்றப்பட்டது, விரல் வலிக்கும். எளிய வழி, வாக்கியத்தை அதன்போக்கில் முடித்துவிட்டு, கடைசியில் 'காண்க: [[மரம்]]' என்று எழுவாய் வடிவில் தனியே போடுவது. சிங்காரவேலு முதலியாரின் வழியும் ஏறக்குறைய இதுவே.

இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் 'ஸ'வை வைத்தும் எழுதலாம். 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ'வை வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு. கணினியில் ஒரு விசைப்பலகையும் கைப்பேசியில் இன்னொன்றும் வைத்திருப்பவரிடம் இரண்டு ஸ்ரீரங்கங்கள் இருக்க வாய்ப்புண்டு. ஒன்றில் ரயில் நேரம், மற்றொன்றில் தங்கும் விடுதி. இரண்டுக்கும் இடையே காவிரி ஓடவில்லை. ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதைக் காண முடியாது.

8. வரைபடக் காட்சி

இச்செயலிகள் பலவற்றின் பெருமைமிகு உறுப்பு, எல்லாக் குறிப்புகளையும் புள்ளிகளாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் வரைபடம். கள ஆய்வில் நெருங்கிப் பார்க்கக் கிடைத்த ஒரு வரைபடம் இங்கே மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. உரிமையாளர் தனியார் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். பெயர் வேண்டாம் என்றார்.

நடுவில் பெரிய புள்ளி. அதிலிருந்து எல்லாத் திசைகளிலும் கோடுகள். புள்ளியின் பெயர் 'முக்கியம்'. எதை எழுதினாலும் அதோடு இணைத்துவிடுவாராம். சொடுக்கினால் உள்ளே எதுவும் இல்லை. இன்னும் எழுதப்படாத பக்கம். அதற்கு அடுத்த பெரிய புள்ளி 'யோசிக்க வேண்டும்'. ஓரத்தில் எதோடும் சேராமல் மிதந்துகொண்டிருந்த சிறு புள்ளி ஒன்றைத் திறந்தபோது, நெல் வகைகளைப் பற்றி ஒரு முதியவரிடம் கேட்டு எழுதிய மூன்று பத்திகள் இருந்தன. அந்தத் தொகுப்பிலேயே வேறெங்கும் கிடைக்காத செய்தி அதில்தான் இருந்தது. அது 'முக்கியம்' புள்ளியோடு இணைக்கப்படாததற்குக் காரணம் கேட்டோம். எழுதிய அன்று வேலையில் மூழ்கிவிட்டதால் இணைக்க மறந்துவிட்டதாகச் சொன்னார்.

கருதுகோள் இரண்டு இவ்விடத்தில் தானே நிறுவப்பட்டது.

9. ஒப்பீட்டுக் களம்: மொய் நோட்டு

இனி, செயலி ஏதும் இன்றி, பயிற்சி வகுப்பு ஏதும் இன்றி, தவறாமல் இயங்கும் இணைப்புக் குறிப்பு மரபு ஒன்று ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத் திருமண மண்டபங்களின் வாசலில் ஒரு மேசை. மேசையில் கோடு போட்ட நீள நோட்டு. இருபுறமும் இரண்டு பேர். ஒருவர் பணத்தை எண்ணி உரக்கச் சொல்ல, மற்றவர் எழுதுவார்.

பதிவின் அமைப்பு வருமாறு: முதலில் ஊர், அடுத்து பெயர், பெயர் போதாத இடத்தில் அடையாளம், கடைசியில் தொகை. 'மேலூர், கண்டக்டர் வீடு, 501.' 'கண்டக்டர் வீடு' என்பது முகவரியும் ஆகும், தலைப்பும் ஆகும். கண்டக்டர் ஓய்வுபெற்றாலும் தலைப்பு மாறாது. பெயர்மாற்றத்தால் இணைப்பு அறுந்துபோகும் சிக்கலுக்கு இம்மரபு எப்போதோ தீர்வு கண்டுவிட்டது.

நோட்டு பரண்மேல் போகிறது. சில ஆண்டு கழித்துக் கண்டக்டர் வீட்டிலிருந்து காதுகுத்துப் பத்திரிகை வருகிறது. பத்திரிகை வந்த அன்றே நோட்டு கீழே இறங்குகிறது. வீட்டில் மூத்தவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலால் வரியைத் தடவியபடி 'மேலூர்... மேலூர்...' என்று தேடுகிறார். கிடைத்துவிடுகிறது. எவ்வளவு வந்தது, எவ்வளவு போட வேண்டும் என்பது முடிவாகிறது. போட்டது அவர்கள் நோட்டில் ஏறும்; அங்கிருந்து அடுத்த முறை இங்கே திரும்பும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்துகளில் இது ஊரையே கோத்த வலை. இப்போது மதுரை, தேனி வட்டாரத்தில் கணினியில் மொய் எழுதி, கையோடு ரசீது அச்சிட்டுத் தரும் ஏற்பாடும் வந்துவிட்டது. கருவி மாறியது, தேடும் விரலுக்கு இருந்த அவசரம் மாறவில்லை.

மொய் நோட்டில் வரைபடக் காட்சி இல்லை, வண்ணக் கருப்பொருள் இல்லை, நீட்சிகள் இல்லை. ஆனால் திறக்கப்படாமலேயே கிடந்து மக்கிய மொய் நோட்டைக் காண்பது அரிது. காரணம், அதில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் திரும்பிப் போக வேண்டிய ஒரு நாள் உண்டு. போகாவிட்டால் உறவினர் முகம் திருப்புவார். 'பார்வை' போடாத கடிதத்தை மேலதிகாரி திருப்பி அனுப்புவார். பேரேட்டுப் பக்கம் எழுதாத கணக்கில் இருப்புநிலை இடிக்கும். ஒப்புமை தேடாத பதிப்பாசிரியர் பாடபேதத்தில் சிக்குவார். இவ்வனைவரும் இணைப்புப் போட்டது, போடாவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பதால்.

தொடக்கநிலையாளரை இதுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவருடைய சிக்கல் முழுவதும் இதில் அடங்கும். கருதுகோள் மூன்று நிறுவப்பட்டது.

10. பரிந்துரைகள்

அ. திரும்பிப் போகவேண்டிய வேலை ஒன்றை முதலில் பிடிக்க. எழுதப்போகும் கட்டுரை, வீடு கட்டும் செலவு, மகளின் மருத்துவப் பதிவுகள், ஊர்க் கோயில் வரலாறு, எதுவாயினும் சரி. வேலை இல்லாதவர் செயலியும் தேட வேண்டாம்.

ஆ. கணினியில் நிறைய எழுதுபவருக்குக் கோப்பினம், அப்சிடியன் போதும். வரி வரியாகவே சிந்திப்பவருக்கு லாக்சீக். அலுவலகத்தில் நாலுபேரோடு எழுத நோஷன். கைப்பேசியை விட்டு இறங்காதவருக்கு உடன்பிறப்பினம். எதுவாயினும் வெளியேறும் சோதனையை முதல் நாளே செய்க. ஓர் இரவுக்குமேல் இம்முடிவுக்குச் செலவிட வேண்டியதில்லை. மூன்று கோப்புகளையும் வெளியே எடுக்க முடிகிறதென்றால், தப்பான தெரிவையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இ. நூறாவது குறிப்பு வரும்வரை நீட்சி எதையும் நிறுவற்க. கோப்புறைக்குள் கோப்புறை வைக்கற்க. வண்ணம் மாற்றுவது ஆய்வு விடுமுறையாகக் கருதப்படும்.

ஈ. இணைப்புப் போடும்போது காரணத்தையும் எழுதுக. '[[வீட்டுக்காரர்]]' என்று மட்டும் விட்டால் ஆறு மாதம் கழித்து அவர் எதற்கு இங்கே நிற்கிறார் என்று தெரியாது. 'பாதிச் செலவு தருவதாகச் சொன்னார், காண்க: [[வீட்டுக்காரர்]]' என்றால் வழக்கு மன்றம் வரை செல்லும்.

உ. தலைப்பு எழுவாயில் இருக்கட்டும். 'முக்கியம்' என்று தலைப்பு வைப்பது முற்றிலும் தடைசெய்யப்படுகிறது.

ஊ. புதிய குறிப்பு எழுதும் முன் பழையது ஒன்றைத் திறந்து படிக்க. படிக்கப் பொறுமை இல்லையெனில் புதியதும் வேண்டாம்.

11. மேலாய்வுக்குரிய களங்கள்

இவ்வாய்வைத் தொடர விரும்பும் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் பின்வரும் தலைப்புகளைக் கருதலாம்:

வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் செய்திகள்: நெஞ்சொடு கிளத்தல் மரபின் இன்றைய வடிவம்.

'பின்னர்ப் படிக்க' எனச் சேமித்த கட்டுரைகள்: மறுபிறவிக் கோட்பாட்டு நோக்கில்.

செயலி மாறும்போது தொலையும் குறிப்புகளும் கடல்கோளில் மறைந்த நூல்களும்: ஓர் ஒப்பாய்வு.

மொய் நோட்டில் வழங்கும் அடையாளப் பெயர்கள்: தொழிற்பெயர், ஊர்ப்பெயர், பட்டப்பெயர்.

இவற்றுள் எதை எடுத்தாலும் ஐந்தாறு ஆண்டுகள் ஓடும். இறுதியில் வாய்மொழித் தேர்வு வரும். பட்டுவேட்டியோடு வந்து அமரும் புறத்தேர்வாளர், ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கோ ஒரு வரியில் விரலை வைத்து, 'இது மூலநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' என்று கேட்பார். அவரிடம் வரைபடத்தைச் சுழற்றிக் காட்ட முடியாது. பக்க எண்ணைச் சொன்னால் பட்டம் உறுதி. எந்தச் செயலியில் எழுதிவைத்திருந்தீர்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை.